கழுவும் தொட்டியில் தொடங்கும் தெரிவு: கருவிகளைக் கிருமியழிக்க ஆதார வைத்தியசாலைக்கு முன்னுள்ள வழிகள்

மகப்பேற்று விடுதியொன்றில் கடமையாற்றிய காலத்தில், ஓர் அதிகாலைப் பிரசவத்துக்காக நான் பிரித்த பொதியில், கிருமியழிப்புச் சூடு பட்டால் நிறம் மாறும் ஒட்டுநாடாவில் கறுப்புக் கோடுகள் தெளிவாக விழுந்திருந்தன. திகதி எழுதப்பட்டிருந்தது, துணி உலர்ந்திருந்தது, கட்டும் குலையவில்லை. ஆனால் உள்ளே இருந்த தொப்புள்கொடி வெட்டும் கத்தரிக்கோலை விரித்தபோது அதன் மூட்டில் பழைய இரத்தம் கறுத்து உறைந்திருந்தது. மாற்றுப் பொதி கையிருப்பில் இருந்ததால் அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் எதுவும் நேரவில்லை. அன்று காலை விடுதியில் இருந்த ஒவ்வொருவரிடமும் பேசிப் பார்த்தேன். அமுக்க நீராவியால் கிருமியழிக்கும் இயந்திரமான ஓட்டோகிளேவ் எத்தனை பாகையில் எத்தனை நிமிடம் ஓட வேண்டும் என்பதை எல்லோரும் பிழையின்றிச் சொன்னார்கள். அந்தக் கத்தரிக்கோலைக் கழுவியவர் யார் என்பதை மட்டும் எவராலும் சொல்ல முடியவில்லை.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் ஆதார வைத்தியசாலைகளில் பழைய இயந்திரம் தேய்ந்து புதியது கேட்கும் ஒவ்வொரு முறையும் எழுகின்ற கேள்வியை அந்தக் கத்தரிக்கோலை மனதில் வைத்தே நான் அணுகுகிறேன். விடுதிகள் தத்தம் சிறிய ஓட்டோகிளேவுகளோடு தொடர்வதா, வைத்தியசாலைக்குள் ஒரே மத்திய கிருமியழிப்புப் பிரிவை அமைப்பதா, அல்லது கருவிகளை அருகிலுள்ள பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பிப் பெறுவதா? கூட்டங்களில் இந்த மூன்றும் பெரும்பாலும் இயந்திரத்தின் விலையை வைத்தே ஒப்பிடப்படுகின்றன. ஊழியருக்கு என்ன தெரியும், தெரிந்ததைச் செய்து முடிக்க எந்த வழி இடம் கொடுக்கும், எந்த வழி தடுக்கும் என்பதை வைத்து ஒப்பிட்டால் விடை வேறாக வருகிறது.

விடுதிப் பேச்சில் கழுவுதல், தொற்றுநீக்கல், கிருமியழித்தல் ஆகிய மூன்றுக்கும் ‘ஸ்டெரிலைஸ் பண்ணுதல்’ என்ற ஒரே சொல் வழங்குவதால் பல பிழைகள் சொல்லிலேயே தொடங்கிவிடுகின்றன. கொதிநீரில் போட்டதும் ‘ஸ்டெரிலைஸ்’, மருந்துக் கரைசலில் ஊறவைத்ததும் ‘ஸ்டெரிலைஸ்’, நீராவியில் வைத்ததும் அதுவே. 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர் பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும், ஆனால் ஏற்புவலிக் கிருமி போன்றவை உறங்கும் வித்திகளை அது நம்பத்தக்க விதத்தில் அழிப்பதில்லை. இரண்டு வீத குளுட்டரல்டிஹைட் கரைசலில் 20 நிமிடம் ஊறிய கருவி உயர்நிலைத் தொற்றுநீக்கம் பெற்றது எனலாம். வித்திகளும் அழிய வேண்டுமாயின் அதே கரைசலில் ஏறத்தாழ 10 மணித்தியாலம் ஊற வேண்டும். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஏர்ள் ஸ்போல்டிங் அரை நூற்றாண்டுக்கும் முன்னர் வகுத்த பிரிப்பு இன்றும் இதற்கு உதவுகிறது: உடலின் கிருமியற்ற பகுதிக்குள் அல்லது குருதிக்குள் செல்லும் கருவி கிருமியழிக்கப்பட வேண்டும், சளிச்சவ்வைத் தொடுவதற்கு உயர்நிலைத் தொற்றுநீக்கம் குறைந்தபட்சத் தேவை, முழுமையான தோலை மட்டும் தொடுவதற்குக் கழுவலும் சாதாரணத் தொற்றுநீக்கலும் போதும். ஆகவே தையல் ஊசிபிடிப்பானையும் கத்தரிக்கோலையும் 20 நிமிடம் ஊறவைத்துப் பயன்படுத்துவதை மேற்சொன்ன மூன்று வழிகளோடு நான்காவது வழியாக நான் சேர்க்கவே மாட்டேன். கொதிகலத்துக்கும் அதே தீர்ப்புத்தான்.

வழி எதுவானாலும் கழுவுதல் பொதுவானது. உலர்ந்த இரத்தத்தின் அடியில் இருக்கும் கிருமியை நீராவி சென்று தொட முடியாது, தொடாததைக் கொல்லவும் முடியாது. இங்கே அறிவின் குறைபாட்டை விட, பழைய அறிவு பிடிவாதமாக நிற்பதே பெரிய இடையூறாக இருக்கிறது. என் தலைமுறையில் பயிற்சி பெற்றவர்களுக்கு, பயன்படுத்திய கருவியை உடனே 0.5 வீத குளோரீன் கரைசலில் 10 நிமிடம் போட்டு அதன் பின்னரே கழுவ வேண்டும் என்று கற்பிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டல் அந்தப் பழக்கத்தைப் பரிந்துரைக்கவில்லை. குளோரீன் உலோகத்தை அரிக்கிறது, இரத்தம் கலந்ததும் அதன் வலிமை குன்றுகிறது, கரைசல் நிறைந்த வாளியைத் தூக்கிச் செல்வதே சிந்திச் சிதறும் ஆபத்து என்பவை காரணங்கள். செய்ய வேண்டியது எளிது: கருவி உலர்ந்துவிடாமல் ஈரத் துணியால் மூடி எடுத்துச் சென்று, மூட்டுகளைத் திறந்து, நொதியம் கலந்த அல்லது மென்மையான சலவைக் கரைசலில் அமிழ்த்தி, நீர்மட்டத்துக்குக் கீழே வைத்துத் தூரிகையால் தேய்த்து, நன்றாக அலசி உலர்த்துவது. சுடுநீரில் போட்டால் விரைவாகச் சுத்தமாகும் என்று நினைப்பதும் பிழை. மிகுந்த சூடு, முட்டை வெள்ளைக்கரு இறுகுவதைப் போல இரத்தப் புரதத்தைக் கருவியோடு இறுக்கிவிடும். இத்தனையையும் செய்பவர் பெரும்பாலும் தாதிய உத்தியோகத்தர் அல்லர், சிற்றூழியர். பயிற்சிப் பட்டறைக்கு அழைக்கப்படுபவரோ தாதிய உத்தியோகத்தர்.

நீராவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் சிறிய இயந்திரமா பெரிய இயந்திரமா என்ற கேள்வி இதில்தான் தங்கியிருக்கிறது. அமுக்கமானி சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலைக் காட்டினால் உள்ளே 121 பாகை இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உள்ளிருந்த காற்று முழுவதும் வெளியேறியிருந்தால் மட்டுமே அது உண்மை. பாதிக் காற்று உள்ளே தங்கிவிட்டால் அதே 15 இறாத்தலில் வெப்பநிலை 112 பாகை அளவில் நிற்கும், காற்று வெளியேறவே இல்லை என்றால் 100 பாகையை ஒட்டியே இருக்கும். மானியின் முள் மூன்று வேளையும் ஒரே இடத்தில்தான் நிற்கும். எங்கள் வீடுகளில் பிட்டு அவிப்பவர்களுக்கு இது புதிதன்று. குழலில் மாவை அமுக்கி அடைத்தால் ஆவி மேலே ஏறாது, நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். ஓட்டோகிளேவினுள் வைக்கும் உலோக டிரம்மைத் துணியால் திணித்து நிரப்புகிறவர் அதே பிழையைச் செய்கிறார், ஆனால் அங்கே வெந்ததா இல்லையா என்று கையால் தொட்டுப் பார்க்க முடியாது. டிரம்மின் பக்கத் துளைகளைத் திறந்து வைக்க மறப்பது, கிண்ணங்களை நிமிர்த்தி அடுக்கிக் காற்றைச் சிறைப்படுத்துவது, நேரத்தைக் கதவு பூட்டிய கணத்திலிருந்து எண்ணுவது ஆகியவையும் இந்த வகைப் பிழைகளே. நேரம் வெப்பநிலை எட்டப்பட்ட பின்னரே தொடங்குகிறது.

இனி வழிகள். விடுதிதோறும் தனி ஓட்டோகிளேவ் என்ற பழைய ஏற்பாட்டை ஏளனமாகப் பார்க்க நான் தயாரில்லை. இரவு இரண்டு மணிக்குக் கருவி தேவைப்பட்டால் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு விடுதியின் இயந்திரம் பழுதானால் அடுத்த விடுதியிடம் கேட்கலாம். இருப்புப் பதிவேட்டுக்குப் பொறுப்பான தாதிய சகோதரிக்கு ஒவ்வொரு இடுக்கியும் எங்கே இருக்கிறது என்று தெரியும், அது தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே என்பதால் இது சிறிய காரணம் அன்று. ஆனால் இந்த ஏற்பாட்டில் அறிவு பத்து விடுதிகளுக்குப் பத்துத் துண்டாகச் சிதறுகிறது. கழுவும் தொட்டி பெரும்பாலும் கைகழுவும் தொட்டியாகவே இருக்கும், கழுவுபவர் அன்றைய கடமைப் பட்டியலில் யாரோ ஒருவராக இருப்பார், அவர் இடையில் நோயாளியைத் தள்ளுவண்டியில் கதிர்ப்படப் பிரிவுக்கு அழைத்துச் சென்று திரும்ப வேண்டியிருக்கும். தவிர, விடுதிகளில் உள்ள சிறிய நிமிர்நிலை ஓட்டோகிளேவுகள் நீராவியால் காற்றைக் கீழே தள்ளி வெளியேற்றுபவை. திறந்த உலோகக் கருவிக்கு அவை போதும். குழாய் போன்ற உட்துளை கொண்ட கருவிக்கும் தடித்த துணிப்பொதிக்கும் அவற்றை நான் நம்ப மாட்டேன்.

மத்திய கிருமியழிப்புப் பிரிவின் பெருமை அதன் பெரிய இயந்திரத்தில் இருப்பதாகவே பலரும் பேசுகிறார்கள். காற்றை முன்கூட்டியே உறிஞ்சி வெளியேற்றி 134 பாகையில் மூன்று, நான்கு நிமிடங்களில் கிருமியழிக்கும் இயந்திரம் நல்லதுதான். என் கணக்கில் அதைவிடப் பெரிய நன்மை இரண்டு. ஒன்று, அழுக்கும் சுத்தமும் ஒரே திசையில் நகர்ந்து எங்கும் குறுக்கிடாதபடி அறைகளை ஒழுங்குபடுத்த முடிகிறது. மற்றது, கழுவுவதையே தொழிலாகக் கொண்ட சிலர் உருவாகிறார்கள். நாள்தோறும் இருநூறு கருவிகளின் மூட்டைத் திறந்து பார்க்கும் கண்ணுக்கு, எந்த வகைக் கத்தரிக்கோலில் எந்த இடுக்கில் இரத்தம் தங்கும் என்பது எந்தப் பட்டறையும் இல்லாமலே பழகிவிடும். இடையிடையே மூட்டில் ஒரு துளி ஐதரசன் பரவொட்சைட்டு விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பது கண்ணுக்குத் தப்பிய இரத்தத்தைக் காட்டிக்கொடுக்கும் எளிய சோதனை. பின்னர் அலசிவிட வேண்டும். இத்தகைய பழக்கத்தை ஓரிடத்தில் வேரூன்றச் செய்வது இயலும். பத்து விடுதிகளில் செய்வது மிகக் கடினம்.

இந்த வழியின் கேடுகளையும் மறைக்கக் கூடாது. ஒரே இயந்திரத்தை நம்பினால் அது நிற்கும் நாளில் சத்திரசிகிச்சைக்கூடமே நிற்கும், எனவே ஒன்றுக்குப் பதிலாகச் சற்றுச் சிறிய இரண்டை வாங்குவதே அறிவு. விடுதியிலிருந்து பிரிவுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரத்தம் உலர்ந்துவிடலாம். ‘கழுவுவது இப்போது எங்கள் வேலை அல்ல’ என்ற மனநிலை விடுதியில் வளரலாம். கருவி திரும்பி வராமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் விடுதிகள் நல்ல பொதிகளை அலுமாரிக்குள் ஒதுக்கி வைப்பதையும் கண்டிருக்கிறேன். அவ்வாறு ஒதுங்கிய பொதி மாதக்கணக்கில் சுற்றுக்கு வருவதில்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் இலக்கமிட்டு, கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இரு தரப்பும் கையொப்பமிடும் பதிவேடு இல்லாமல் மத்திய பிரிவைத் திறந்தால், பொறுப்பான சகோதரிகளின் எதிர்ப்பை நியாயமற்றதென்று சொல்ல முடியாது.

மூன்றாவது வழி, பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையோ அம்பாறைப் பொது வைத்தியசாலையோ இவ்வாறு அயலுக்கும் சேர்த்துச் செய்து தர வேண்டும் என்ற யோசனை காகிதத்தில் அழகாக இருக்கிறது. சிறந்த இயந்திரமும் தேர்ந்த கையும் ஓரிடத்தில் சேர்கின்றன. கணக்கிட்டுப் பார்த்தால் சிக்கல் தெரியும். நாளொன்றுக்கு ஆறு பிரசவம் நடக்கும் விடுதியை எடுத்துக்கொள்வோம். கருவிகள் உள்ளேயே சுற்றினால் பாவனையில் ஒரு பங்கு, கழுவலில் ஒரு பங்கு, தட்டில் ஒரு பங்கு என 18 தொகுதிகள் போதும். வாகனம் ஒருநாள் விட்டு ஒருநாள் செல்வதானால் இன்னும் குறைந்தது 12 தொகுதிகள் தேவைப்படும், அவற்றின் விலை இயந்திரத்தின் விலையோடு போட்டியிடத் தொடங்கும். மாரி காலத்தில் கிரான் புலிபாய்ந்தகல் வீதி நீரில் மூழ்கிப் படகில் மக்கள் பயணிப்பதை ஆண்டுதோறும் பார்க்கும் எங்களுக்கு, வாகனம் வரும் என்பதை மட்டும் நம்பிப் பிரசவ விடுதியை நடத்துவது எத்தகைய துணிச்சல் என்று விளக்க வேண்டியதில்லை. நனைந்த பொதி கிருமியழிக்கப்பட்ட பொதி அன்று என்பதால், அனுப்பினால் மூடியுள்ள கடினமான பெட்டியில், அழுக்கும் சுத்தமும் வேறு வேறாகவே அனுப்ப வேண்டும். நாளொன்றுக்கு ஒருசில காயக்கட்டுத் தொகுதிகள் மட்டும் தேவைப்படும் பிரதேச வைத்தியசாலைக்கு இந்த வழி பொருந்தும், அங்கும் நல்ல நிலையில் உள்ள சிறிய ஓட்டோகிளேவ் ஒன்று அவசரத்துக்கு இருக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்கூடம் உள்ள களுவாஞ்சிக்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று போன்ற ஆதார வைத்தியசாலைகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெப்பம் தாங்காத கருவிகளுக்கான எதிலீன் ஒட்சைட்டு வாயு, ஐதரசன் பரவொட்சைட்டு பிளாஸ்மா ஆகியவற்றைப் பற்றி இந்த அளவிலான வைத்தியசாலை நெடுநேரம் சிந்திக்கத் தேவையில்லை. முன்னது புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வாயு, கருவியிலிருந்து அது வெளியேற நீண்ட நேரக் காற்றூட்டம் வேண்டும். பின்னது பருத்தித் துணியோடும் காகிதத்தோடும் ஒத்துப்போகாது. உலர்வெப்ப அடுப்பு மட்டும், நீராவி ஊடுருவாத பரபின் பூச்சுத் துணி, தூள் போன்றவற்றுக்காக 160 பாகையில் இரண்டு மணித்தியாலம் என்ற அளவில் ஒரு மூலையில் இருக்கலாம்.

எங்கள் கரையோரத்துக்கே உரிய சில காரணங்கள் தெரிவைப் பாதிக்கின்றன. வாவியை அண்டிய மணற்பாங்கான நிலத்தின் கிணற்றுநீர் பல இடங்களில் உவராக இருக்கிறது. அதில் அலசிய கருவியில் குளோரைட்டு தங்கி, துருப்பிடிக்காத உருக்கையும் புள்ளி புள்ளியாக அரிக்கிறது. ஓட்டோகிளேவின் வெப்பமேற்றியில் உப்புப் படிகிறது. உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வரும் இடங்களில் நிலைமை மேல், ஆனால் இறுதி அலசலுக்கும் இயந்திரத்துக்கும் உப்பகற்றிய நீர் எங்கும் வேண்டும். அதற்குரிய வடிகட்டியை ஓரிடத்தில் பராமரிப்பது எளிது, பத்து இடங்களில் இயலாது. மார்கழி, தை மாதங்களின் ஈரலிப்பில் துணிப்பொதி தட்டிலேயே ஈரமேறுகிறது. சேமிப்பறையின் ஈரப்பதன் 70 வீதத்தைத் தாண்டாமல் வைக்க ஓர் அறைக்கு வசதி செய்யலாம், விடுதி அலுமாரிகளுக்குச் செய்ய முடியாது. 2022 மார்ச் மாத இறுதியில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களையும் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மின்பிறப்பாக்கியின் இணைப்பை ஓரறைக்குக் கொடுப்பதா, சிதறிக்கிடக்கும் பத்து ஓட்டோகிளேவுகளுக்குக் கொடுப்பதா என்பதும் மத்திய பிரிவின் பக்கமே நிற்கிறது.

ஆக, ஆதார வைத்தியசாலைக்கு மத்திய பிரிவே என் தெரிவு. ஆனால் புதிய இயந்திரம் வரும்வரை காத்திருக்கும் தெரிவு அன்று அது. முதலில் ஓரறையைத் தேர்ந்து, மூன்று ஆழமான தொட்டிகளை அமைத்து, எல்லா விடுதிகளின் கழுவலையும் பொதியிடலையும் அங்கே கொண்டுவர வேண்டும். விடுதிகளின் ஓட்டோகிளேவுகளில் நன்றாக இயங்கும் இரண்டு மூன்றை அதே அறையின் மறுகோடியில் வைக்கலாம், ஒன்றை மட்டும் இரவு அவசரத்துக்காகச் சத்திரசிகிச்சைக்கூடத்தில் விட்டுவிடலாம். காற்றை முன்கூட்டியே அகற்றும் பெரிய இயந்திரம் ஓராண்டு கழித்து வந்தாலும் அதற்குள் கழுவும் கைகள் தேர்ந்திருக்கும். மாறாக, இயந்திரம் முதலில் வந்து தொட்டியும் ஆளும் பின்னால் வந்தால், கழுவாத கத்தரிக்கோல்கள் இன்னும் விரைவாகக் கோடு விழுந்த பொதிகளாக வெளிவரும்.

ஒட்டுநாடாவில் விழும் கோட்டுக்கு இருக்கும் மதிப்பையும் இந்த அறையிலேயே திருத்த வேண்டும். அந்தக் கோடு பொதி சூட்டுக்குள் போய்வந்தது என்பதை மட்டும் சொல்கிறது. நேரம், வெப்பநிலை, நீராவி மூன்றும் பொதியின் நடுவை எட்டினவா என்பதைச் சொல்ல, உள்ளே வைக்கும் ஒருங்கிணைந்த இரசாயனக் காட்டி வேண்டும். வித்திகள் உண்மையில் இறந்தனவா என்பதைச் சொல்ல, ஜியோபசிலஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் வித்திகள் கொண்ட உயிரியல் காட்டியை வாரம் ஒருமுறையேனும் ஓட்டி, ஓட்டோகிளேவில் வைக்காத ஒன்றோடு சேர்த்து அடைகாத்து, வித்திகள் வளர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். காற்றை முன்கூட்டியே அகற்றும் இயந்திரம் வந்த பின், காற்று முழுதாக வெளியேறுகிறதா என்று பார்க்கும் போவி–டிக் சோதனையை நாள்தோறும் காலையில் வெற்றுக் கலத்தில் செய்ய வேண்டும். இவற்றின் வருடாந்தச் செலவை இயந்திரக் கோரிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் இரண்டாம் ஆண்டில் காட்டிகள் தீர்ந்து, மறுபடியும் கோடே சாட்சியாகிவிடும்.

பயிற்சியிலும் ஒரு தெரிவு இருக்கிறது. மண்டபத்தில் ஒருநாள் விரிவுரை வைத்துச் சான்றிதழ் வழங்குவது எளிது, அறிவுப் பரீட்சையின் புள்ளியும் அடுத்த நாளே உயர்ந்திருக்கும். தொட்டியருகே தொற்றுக்கட்டுப்பாட்டுத் தாதிய உத்தியோகத்தர் வாரம் இரண்டுமுறை அரைமணி நேரம் நின்று, கழுவி முடித்த கருவிகளில் ஐந்தை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் கழுவியவரோடு சேர்ந்து பார்ப்பது மெதுவான வழி. நான் இரண்டாவதையே தெரிவேன், ஏனெனில் முதலாவது ஏற்கனவே தெரிந்ததை மறுபடி சொல்கிறது. சுவரில் ஒட்டப்படும் செயல்முறை ஆங்கிலத்தில் இருந்தால் அது பார்வையிட வருபவர்களுக்கானது. கழுவுபவருக்காயின் தமிழிலும், அம்பாறையில் சிங்களத்திலும், படத்தோடு இருக்க வேண்டும். தடித்த கையுறை, கண்காப்பு, நீர்புகா மேலங்கி, ஈரல் அழற்சி பீ தடுப்பூசி ஆகியவை அவருக்கு முதல் நாளே கிடைக்க வேண்டும். கூரிய கருவிகளை நாள் முழுவதும் தேய்ப்பவரை அவற்றின்றி நிறுத்திவிட்டு நோயாளியின் பாதுகாப்பைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஏற்பாடு எங்கே உடையும் என்று கேட்டால் கடமைப் பட்டியலைத்தான் காட்டுவேன். மூன்று மாதம் பழகி மூட்டுகளை அறிந்துகொண்ட சிற்றூழியரை, ஆளில்லாத வேறொரு விடுதிக்கு மாற்றிவிட்டு அன்று காலை கிடைத்தவரைத் தொட்டியருகே நிறுத்துவது எங்கும் நடப்பது. எனவே இயந்திரத்துக்கான கோரிக்கைக் கடிதத்தோடு இன்னொரு கடிதமும் போக வேண்டும்: கழுவும் பகுதிக்கு நால்வர், குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு இடமாற்றமின்றி, பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும், ஒவ்வொரு பொதியிலும் பொதியிட்டவரின் கையொப்பத்துக்கு முன்னால் கழுவியவரின் கையொப்பம் இருக்க வேண்டும்.